ரூட்டை எல்விஎம்மில் வைக்கலாமா? ஒரு தாமதமான விமர்சனம்

"அண்ணே, டிஸ்க் ஃபுல்லுன்னு வருது. ஆனா நாம 500 ஜிபி டிஸ்க்தானே போட்டோம்?"

2019-ல் ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு வந்த போன் இது. பேசியது முன்பு என் டீமில் இருந்த தம்பி. அப்போது ஒரு சின்ன கம்பெனியில் சர்வர், நெட்வொர்க், பிரிண்டர் எல்லாவற்றையும் ஒத்தை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த சர்வரை நிறுவியபோது போனில் வழி சொன்னது நான்தான். அதனால் "நாம" என்று அவன் சொன்னதில் தப்பில்லை. கம்பெனியின் பில்லிங் டேட்டாபேஸ் அந்த மெஷினில்தான் ஓடியது. காலை ஒன்பது மணிக்குக் கவுண்டர் திறந்தாக வேண்டும்.

சென்ட்ஓஎஸ் 7. நிறுவும்போது பார்ட்டிஷன் பக்கத்தில் எதையும் தொடாமல், தானாகவே பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தோம். அப்படி விட்டால் அது என்ன செய்யும் என்பது பட்ட பிறகுதான் தெரியும். ரூட்டுக்கு 50 ஜிபி, ஸ்வாப்புக்குக் கொஞ்சம், மிச்சம் மொத்தமும் /ஹோமுக்கு. டேட்டாபேஸ் உட்கார்ந்திருப்பது /வார் கீழே. /வார் இருப்பது ரூட்டில். ஆக, 50 ஜிபி ரூட் நிரம்பி வழிகிறது. பக்கத்திலேயே 400 ஜிபிக்கு மேல் உள்ள /ஹோம் கிட்டத்தட்ட காலி.

"எல்விஎம்தானே அண்ணே போட்டிருக்கு? /ஹோமைக் குறைச்சு ரூட்டுக்குக் குடுத்துடலாம்ல?"

நியாயமான கேள்வி. எல்விஎம் போடச் சொல்கிற எல்லாரும் சொல்கிற காரணமே இதுதான்: இடத்தை அப்புறம் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் /ஹோமில் இருந்தது எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம். 2014-ல் வந்த ரெட்ஹாட் 7 முதல் அதுதான் அந்தக் குடும்பத்தின் டிஃபால்ட். எக்ஸ்எஃப்எஸ் வளரும், சுருங்காது. எல்விஎம் எவ்வளவுதான் தாராளமாக இருந்தாலும் மேலே உட்கார்ந்திருக்கிற ஃபைல்சிஸ்டம் எழுந்திருக்காவிட்டால் பாயைச் சுருட்ட முடியாது.

கடைசியில் என்ன செய்தோம்? /ஹோமில் இருந்ததை வேறொரு மெஷினுக்குக் காப்பி எடுத்து, /ஹோமை அன்மவுண்ட் செய்து, அந்த லாஜிக்கல் வால்யூமையே அழித்து, கிடைத்த இடத்தில் பெரும்பகுதியை ரூட்டுக்குக் கொடுத்து, மிச்சத்தில் சின்னதாகப் புதிய /ஹோம் போட்டோம். அழிக்கும் கட்டளையை அடிப்பதற்கு முன்னால், சும்மா ஒரு சந்தேகத்துக்கு, "உள்ள என்னதான்டா இருக்கு, ஒருதரம் பாரு" என்றேன். அந்த டேட்டாபேஸின் பழைய டம்ப்புகள் முழுக்க அதில் இருந்தன. பேக்கப் என்று அந்த கம்பெனியிடம் இருந்தது அது ஒன்றுதான். காப்பி எடுத்தபோது ஒரு பயனரின் ஃபோல்டரை மட்டும் எடுத்திருந்தான். இது அதில் வரவில்லை. மறுபடி எடுத்து, சரிபார்த்து, பிறகு அழித்தோம். ஒன்றரை மணிக்கு டேட்டாபேஸ் எழுந்தது.

அன்றைக்கு எல்விஎம் எங்களைக் காப்பாற்றியதா, மாட்டிவிட்டதா? ரெண்டும்தான். மெஷினை நிறுத்தாமல் ரூட்டைப் பெரிசாக்க முடிந்தது எல்விஎம்மால். ஆனால் ரூட் அவ்வளவு சின்னதாக, /ஹோம் அவ்வளவு பெரிசாக வந்ததும் "எல்விஎம் இருக்கே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற அதே நம்பிக்கையால்தான். அன்றிலிருந்து இந்தக் கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டே வருகிறேன். சர்வரின் ரூட் ஃபைல்சிஸ்டத்தை லாஜிக்கல் வால்யூமில் வைப்பது நல்ல யோசனையா? இணையத்தில் கேட்டால் "ஆமாம், வைங்க, என்ன நஷ்டம்?" என்பதுதான் வழக்கமான பதில். அந்தப் பதில் மேல் எனக்கு விமர்சனம் உண்டு.

எல்விஎம் எதற்காகப் பிறந்தது

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. சாதாரண பார்ட்டிஷன் என்றால் டிஸ்க்கில் இங்கிருந்து இதுவரை என்று கோடு கிழித்துவிடுவது. எல்விஎம்மில் அப்படி இல்லை. டிஸ்க்குகளை அல்லது பார்ட்டிஷன்களை பிசிக்கல் வால்யூம் ஆக்கி, அவற்றை ஒரு வால்யூம் குரூப்பில் சேர்க்கிறோம். குரூப்பில் உள்ள மொத்த இடமும் சின்னச் சின்னத் துண்டுகளாகிறது. அந்தத் துண்டுக்குப் பெயர் எக்ஸ்டென்ட், வழக்கமாக 4 எம்பி. 50 ஜிபி ரூட் என்றால் 12,800 துண்டுகள். இந்தத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தால் லாஜிக்கல் வால்யூம். துண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கணும் என்று கட்டாயமில்லை, ஒரே டிஸ்க்கில் இருக்கணும் என்றும் இல்லை. அதில்தான் அதன் அழகு.

லினக்ஸுக்கு இதை 1998-ல் எழுதியவர் ஹைன்ஸ் மௌல்ஸ்ஹாகன். மாதிரியாக எடுத்துக்கொண்டது ஹெச்பி-யூஎக்ஸில் இருந்த வால்யூம் மேனேஜரை. இந்தப் பின்னணி முக்கியம். ஹெச்பி-யூஎக்ஸ் ஓடியவை பெரிய மெஷின்கள். அலமாரி அலமாரியாக டிஸ்க், ஒவ்வொன்றும் இன்றைய கணக்கில் சுண்டைக்காய் அளவு, நிறுத்தவே கூடாத வேலை, பக்கத்திலேயே முழுநேர அட்மின். பல சின்ன டிஸ்க்குகளை ஒன்றாக்கிக் காட்டுவது, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவது ஆகிய ரெண்டு தேவைக்கும் எல்விஎம் அருமையான விடை.

இன்றைக்கு நம்மில் பலர் பார்க்கும் சர்வர் எது? ஒரே ஒரு விர்ச்சுவல் டிஸ்க் உள்ள விர்ச்சுவல் மெஷின். அந்த டிஸ்க்குக்குக் கீழே ஹைப்பர்வைசரோ கிளவுடோ ஏற்கெனவே ஒரு வால்யூம் மேனேஜரை ஓட்டிக்கொண்டிருக்கிறது. பழைய விடையைப் புதிய கேள்விக்கு அப்படியே எழுதுகிறோமா என்பதுதான் என் சந்தேகம். மூன்று வாக்குறுதிகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாக்குறுதி 1: அப்புறம் பெரிசாக்கலாம்

உண்மைதான். ஆனால் இதற்கு எல்விஎம் வேண்டுமா?

ஒரு காலத்தில் வேண்டியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ரூட் பார்ட்டிஷனைப் பெரிசாக்கினால், புதிய அளவைக் கெர்னல் ஏற்றுக்கொள்ள ரீபூட் செய்யணும். 2012-ல் வந்த 3.6 கெர்னலில், பயன்பாட்டில் இருக்கும் பார்ட்டிஷனின் அளவையே மாற்றிச் சொல்லும் வசதி வந்துவிட்டது. அதற்குப் பிறகு கதை மாறிவிட்டது. கிளவுடில் டிஸ்க்கைப் பெரிசாக்குங்க, குரோபார்ட் ஓட்டுங்க, ஃபைல்சிஸ்டத்தை வளருங்க. மூன்று படி, ரீபூட் இல்லை. எல்விஎம்மில் இதே வேலைக்குக் கூடுதலாக ரெண்டு படி: பிசிக்கல் வால்யூமை வளர்க்கணும், லாஜிக்கல் வால்யூமை வளர்க்கணும்.

ஒரே நிபந்தனை, ரூட் பார்ட்டிஷன் டிஸ்க்கின் கடைசியில் இருக்கணும். உபுண்டுவின் கிளவுட் இமேஜைப் பாருங்கள். பார்ட்டிஷன் எண்கள் 1, 14, 15 என்று விசித்திரமாக இருக்கும். பூட்டுக்குத் தேவையான சின்னப் பார்ட்டிஷன்கள் 14, 15 என்று எண் வாங்கிக்கொண்டு டிஸ்க்கின் முன்னால் உட்கார்ந்திருக்கும். ரூட்டுக்கு எண் 1, ஆனால் இடம் கடைசி. முதல் பூட்டிலேயே டிஸ்க் முழுவதுக்கும் தானாக வளர்ந்துவிடும். அங்கே எல்விஎம் இல்லை.

"ரெண்டாவது டிஸ்க்கைச் சேர்த்து ரூட்டைப் பெரிசாக்கலாமே, அது பார்ட்டிஷனில் முடியாதே" என்பார்கள். முடியாதுதான். ஆனால் எல்விஎம்மில் செய்யவும் கூடாது. பயிற்சி வீடியோக்களில் தவறாமல் காட்டப்படும் உதாரணம் இதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். டிஸ்க் ஒன்றில் இருந்த ரூட்டை டிஸ்க் ரெண்டுக்கும் நீட்டினால், இனி ரெண்டில் எது போனாலும் ரூட் போச்சு. நீங்களாகக் கேட்டு வாங்கினால் தவிர எல்விஎம் எதையும் ரெண்டு காப்பியாக வைப்பதில்லை. போதாக்குறைக்கு, பூட் ஆகும்போது ரெண்டு டிஸ்க்கும் நேரத்துக்கு வந்து நின்றால்தான் ரூட் மவுண்ட் ஆகும். இடம் கூடியது, ஆபத்தும் கூடியது.

குறைப்பது பற்றி ஏற்கெனவே சொன்னேன். எக்ஸ்எஃப்எஸ்ஸில் நடக்காது. எக்ஸ்ட்4-ல் நடக்கும், ஆனால் அன்மவுண்ட் செய்த பிறகுதான். ஓடுகிற ரூட்டை அன்மவுண்ட் செய்ய முடியாது என்பதால் ரெஸ்க்யூ டிஸ்க்கில் பூட் ஆகணும். ஆக ரூட் விஷயத்தில் "இஷ்டப்படி மாற்றலாம்" என்பது பாதி உண்மை.

வாக்குறுதி 2: அப்கிரேடுக்கு முன் ஸ்னாப்ஷாட்

கேட்க இனிப்பான வாக்குறுதி இது. அப்கிரேடுக்கு முன் ரூட்டை ஸ்னாப்ஷாட் எடு, சொதப்பினால் பழைய நிலைக்குத் திருப்பு. நானும் ரெண்டு வருஷம் இதை நம்பி வேலை செய்திருக்கிறேன். சிக்கல்கள் இவை.

ஸ்னாப்ஷாட்டுக்கு வால்யூம் குரூப்பில் காலி இடம் வேணும். முக்கால்வாசி சர்வர்களில், நிறுவிய அன்றே மொத்த இடத்தையும் ஏதாவது ஒரு வால்யூமுக்குக் கொடுத்திருப்பார்கள். காலி இடம் பூஜ்யம். வசதி இருக்கிறது, வாசல் பூட்டியிருக்கிறது.

அடுத்து, சாதாரண ஸ்னாப்ஷாட்டுக்கு நீங்கள் ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால் அது செல்லாததாகிவிடும். பெரிய அப்கிரேட், கூடவே டேட்டாபேஸ் எழுத்தும் ரூட்டிலேயே நடக்கிறது என்றால் 5 ஜிபி எல்லாம் எந்த மூலைக்கு? ஸ்னாப்ஷாட் தேவைப்படும் நேரத்தில்தான் அது செத்துப்போயிருக்கும்.

மூன்றாவது, /பூட் பெரும்பாலும் எல்விஎம்முக்கு வெளியே தனிப் பார்ட்டிஷனாக இருக்கும். ரூட்டைத் திருப்பினால் கெர்னல் மாட்யூல்கள் பழையவை, /பூட்டில் இருக்கும் கெர்னல் புதியது. மெனுவில் பழைய கெர்னல் இன்னும் இருந்தால் பிழைத்தோம். பேக்கேஜ் மேனேஜரின் கணக்கும் /பூட்டில் உண்மையில் இருப்பதும் ஒத்துப்போகாமல் கிடக்கும், அதைக் கையால் சரிசெய்யணும்.

நான்காவதுதான் எனக்கு வலித்தது. ரூட்டில் டேட்டாபேஸும் இருந்தால், ரூட்டைத் திருப்பும்போது டேட்டாவும் திரும்பிவிடும். அப்கிரேட் முடிந்து மூன்று மணி நேரம் கழித்துக் கோளாறு தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் பதிவானது? போயே போச்சு. நான் வீட்டில் ஓட்டும் சர்வரில் இப்படி ஒரு மதியத்து வேலையை இழந்தேன். வாரக் கடைசிகளில் ஊர் ஊராகப் போய் எடுக்கும் கல்வெட்டுப் படங்களுக்கு ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன். அதில் அன்று சேர்த்த எழுபது சொச்சம் குறிப்புகள் ரூட்டோடு பின்னுக்குப் போய்விட்டன. படங்கள் வேறு வால்யூமில் இருந்ததால் தப்பின. எழுபது குறிப்பையும் திரும்ப எழுதலாம், எழுதினேன். பில்லிங் கவுண்டரில் இது நடந்திருந்தால்?

விர்ச்சுவல் மெஷின் என்றால் வெளியே இருந்து முழு டிஸ்க்கையே ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். அதில் /பூட்டும் சேர்ந்து வரும். மூன்றாவது சிக்கல் அங்கே தீர்ந்துவிடும். நான்காவது அங்கேயும் உண்டு. அதற்கு ஒரே மருந்து, டேட்டாவை ரூட்டிலிருந்து பிரிப்பது.

வாக்குறுதி 3: ஓடும்போதே டிஸ்க் மாற்றலாம்

இதில் எனக்குக் குறை சொல்ல மனசில்லை. அதே வீட்டு சர்வரில் 1 டிபி டிஸ்க் ஒன்று. ஸ்மார்ட் அறிக்கையில், கெட்டுப்போய் இடம் மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை வாராவாரம் ஏறிக்கொண்டே வந்தது. புதிய டிஸ்க்கை மாட்டி, குரூப்பில் சேர்த்து, பிவிமூவ் கட்டளையைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் சுமார் மூன்று மணி நேரம். சர்வர் ஓடிக்கொண்டே இருந்தது. ரூட் உட்பட எல்லா வால்யூமும் பழைய டிஸ்க்கிலிருந்து புதியதுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. முதல் தடவை பார்க்கும்போது மாயாஜாலம் மாதிரிதான் இருக்கும்.

ஆனால் ரெண்டு விஷயம். பிவிமூவ் எல்விஎம்முக்குள் இருப்பதை மட்டும்தான் நகர்த்தும். /பூட்டையும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் கையால் காப்பி செய்து, க்ரப்பை மறுபடி நிறுவி, மவுண்ட் அட்டவணையில் புது அடையாள எண்ணை எழுதணும். அதைச் சரியாகச் செய்தோமா என்று தெரிய எப்படியும் ஒரு ரீபூட் தேவை. நிறுத்தாமல் மாற்றினோம் என்ற பெருமை ரூட் விஷயத்தில் அங்கே முடிந்துவிடுகிறது.

ரெண்டாவதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததன் மையம். மூன்று மணி நேரம் ஆனதற்குக் காரணம் டேட்டா. அதில் ரூட்டின் பங்கு 40 ஜிபிக்குக் கீழே. 40 ஜிபி-ஐ அதே வேகத்தில் காப்பி செய்ய ஏழு நிமிஷம் போதும். ரெஸ்க்யூ டிஸ்க்கில் பூட் ஆகி, ஒரு காப்பி எடுத்து, திரும்பி வந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பிவிமூவின் மதிப்பு, நகர்த்த வேண்டியது எவ்வளவு பெரிசு என்பதைப் பொறுத்தது. டேட்டா பெரிசு, அதற்கு எல்விஎம் தரும் பலனும் பெரிசு. ரூட் சின்னது, பலனும் சின்னது. ரூட் சின்னதாக இல்லையென்றால், ரூட்டுக்குள் டேட்டா புகுந்துவிட்டது என்று அர்த்தம். எல்விஎம் போட்டதால் அந்தத் தப்பு சரியாகிவிடாது, தள்ளித்தான் போகும்.

அப்படியென்ன நஷ்டம்?

முதலில் ஒரு பொய்யான நஷ்டத்தை ஒதுக்கிவிடலாம். "எல்விஎம் போட்டால் மெதுவாகிவிடும்" என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். சாதாரண வால்யூமில் நடப்பது, இந்த எண்ணுள்ள பிளாக் அந்த டிஸ்க்கில் அந்த இடம் என்று ஒரு கணக்குப் போடுவது மட்டும்தான். ஸ்னாப்ஷாட் ஓடும்போது எழுத்து மெதுவாகும், அது வேறு. மற்றபடி வேகத்தைக் காரணம் காட்டி எல்விஎம்மை மறுப்பவரோடு நான் உடன்படவில்லை.

உண்மையான விலையைக் கொடுப்பது சர்வர் எழாத நாளில்.

சாதாரணப் பார்ட்டிஷன் என்றால் எந்த லைவ் லினக்ஸிலும் பூட் ஆகி நேராக மவுண்ட் செய்யலாம். எல்விஎம் என்றால் அங்கே எல்விஎம் கருவிகள் இருக்கணும், குரூப்பைக் கண்டுபிடிக்கணும், ஆக்டிவேட் செய்யணும். தெரிந்தவருக்கு இது ஒரு நிமிஷ வேலை. தெரியாதவருக்கு? அன்று போன் செய்த தம்பிக்கு அப்போது தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு யார் அந்த சர்வர் முன்னால் உட்கார்வார் என்பதை வைத்துத்தான் ரூட்டை வடிவமைக்கணும். நிறுவும்போது மூளை தெளிவாக இருக்கும் நம்மை வைத்து அல்ல.

கிளவுடில் இன்னொரு பொறி உண்டு. எழாத மெஷினின் டிஸ்க்கைக் கழற்றி, இன்னொரு நல்ல மெஷினில் மாட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். ரெண்டும் ஒரே இமேஜிலிருந்து பிறந்தவை என்றால் வால்யூம் குரூப்பின் பெயரும் ஒன்று, உள் அடையாள எண்ணும் ஒன்று. இரட்டை என்று எல்விஎம் மறுத்துவிடும். அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது, புதிய அடையாளம் கொடுத்து உள்ளே சேர்க்கும். ஆனால் வேலை முடிந்து டிஸ்க்கைத் திருப்பி மாட்டுவதற்குள் பழைய பெயரை மறுபடி வைத்துவிடணும், மறந்தால் பூட் ஆகாது. ரெட்ஹாட் 9-ல் இன்னொரு பூட்டு: பட்டியலில் சேர்க்காத டிஸ்க்கை எல்விஎம் கண்ணெடுத்தும் பார்க்காது. நியாயமாகச் சொன்னால் வெறும் பார்ட்டிஷனிலும் எக்ஸ்எஃப்எஸ் இதே மாதிரி இரட்டை என்று முரண்டு பிடிக்கும். ஆனால் அங்கே மவுண்ட் கட்டளையில் ஒரு சொல் சேர்த்தால் போதும்.

/பூட்டையும் சேர்த்து எல்விஎம்முக்குள் வைத்தால் இன்னொன்று. க்ரப் 2 எல்விஎம்மைப் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. போன முறை பூட் சரியாக நடந்ததா என்று க்ரப் குறித்து வைத்துக்கொள்ளும் சின்னக் கோப்பு அங்கே வேலை செய்யாது. உபுண்டு 14.04 காலத்தில் "டிஸ்க்ஃபில்டர் ரைட்ஸ் ஆர் நாட் சப்போர்ட்டட்" என்ற செய்தியைப் பார்த்து டிஸ்க் போய்விட்டது என்று பயந்தவர்களில் நானும் ஒருவன்.

எனக்கு ரொம்பப் பிடித்த முரண் இது. எல்விஎம் நல்ல பிள்ளை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தன் வரைபடத்தின் காப்பியை எடுத்து வைக்கும். எங்கே? /இடிசி/எல்விஎம் ஃபோல்டருக்குள். அது எங்கே இருக்கிறது? ரூட்டில். ரூட் எங்கே? எல்விஎம்முக்குள். வீட்டுச் சாவியின் மாற்றுச் சாவியை அதே வீட்டுக்குள் வைத்துப் பூட்டின மாதிரி. அதே வரைபடம் ஒவ்வொரு பிசிக்கல் வால்யூமின் ஆரம்பத்திலும் சாதாரண எழுத்தாகவே இருக்கிறது என்பதால், அனுபவசாலி அதைத் தோண்டி எடுத்துவிடுவார். ஆனால் மாற்றுச் சாவி வெளியே இருந்திருந்தால் தோண்ட வேண்டியதே இல்லை.

உபுண்டுவைத் திட்டியதற்கு ஒரு வாபஸ்

உபுண்டு சர்வர் இன்ஸ்டாலர் எல்விஎம்மை டிஃபால்ட்டாகப் போடும், ஆனால் முழு இடத்தையும் ரூட்டுக்குக் கொடுக்காது. மீதி இடம் 20-லிருந்து 200 ஜிபிக்குள் என்றால் அதில் பாதிதான் ரூட்டுக்கு. 200-க்கு மேல் என்றால் எவ்வளவு பெரிய டிஸ்க்காக இருந்தாலும் ரூட்டுக்கு 100 ஜிபி. "என் பாதி டிஸ்க் எங்கடா போச்சு" என்று எல்லாரும் திட்டுவார்கள், நானும் திட்டியிருக்கிறேன்.

யோசித்துப் பார்த்தால், எல்விஎம் போட்டால் இப்படித்தான் போடணும். காலி இடம் இருந்தால்தான் ஸ்னாப்ஷாட் எடுக்கலாம், எந்த வால்யூம் முதலில் பசிக்கிறதோ அதற்கு ஊட்டலாம். சென்ட்ஓஎஸ் மிச்சத்தையெல்லாம் /ஹோமுக்கு வாரிக் கொடுத்ததுதான் பெரிய தப்பு. கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது, கொடுக்காமல் வைத்ததை எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். உபுண்டு அதைச் சரியாகச் செய்துவிட்டு, ஏன் செய்தோம் என்று சொல்லாமல் விட்டுவிட்டது. விளைவு, முதல் நாளே ஜனங்கள் மிச்ச இடம் முழுவதையும் ரூட்டுக்குக் கொடுக்கும் கட்டளையைத் தேடி ஒட்டிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியோடு எல்விஎம்மின் பலன் முடிந்தது, சிக்கல் மட்டும் மிச்சம்.

அப்ப யார் போடலாம்?

ரூட்டையும் எல்விஎம்மில் வைக்க நல்ல காரணங்கள் உண்டு. முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்து, ஒரே கடவுச்சொல்லில் ரூட், ஸ்வாப் எல்லாம் திறக்கணும் என்றால் லக்ஸுக்குள் எல்விஎம் நல்ல ஏற்பாடு. சிஐஎஸ் பெஞ்ச்மார்க் மாதிரியான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு /டெம்ப், /வார், /வார்/லாக், ஆடிட் லாக், /ஹோம் என்று தனித்தனியாகப் பிரித்தே ஆகணும் என்றால், ஆறேழு பார்ட்டிஷனின் அளவை முதல் நாளே சரியாக ஊகிக்க யாராலும் முடியாது. அங்கே எல்விஎம் அவசியம். நிஜ மெஷின், பல டிஸ்க், தெரிந்த அட்மின்கள், எல்லா மெஷினிலும் ஒரே அமைப்பு என்றாலும் சரி, தாராளமாகப் போடுங்க.

"எல்லா இன்ஸ்டாலரும் டிஃபால்ட்டாப் போடுதே" என்பது மட்டும் காரணம் ஆகாது. எல்லாரும் போடுவதும் இல்லை. அஷ்யூரில் ரெட்ஹாட் இமேஜ்கள் எல்விஎம்மோடு வரும், உபுண்டு கிளவுட் இமேஜ் வெறும் பார்ட்டிஷனில் வரும். ஃபெடோரா டெஸ்க்டாப் 2020-ல் 33-ம் பதிப்போடு பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கே போய்விட்டது. இன்ஸ்டாலர் எழுதியவருக்கு உங்கள் சர்வரில் என்ன ஓடப் போகிறது என்று தெரியாது. தெரியாதவர் எடுக்கும் பாதுகாப்பான முடிவு அது. உங்களுக்குத் தெரியும்.

சின்ன சர்வர், ஒன்றோ ரெண்டோ டிஸ்க், ஒத்தை ஆள் அட்மின். இதற்கு என் தீர்ப்பு: ரூட் சாதாரணப் பார்ட்டிஷனில், எக்ஸ்ட்4, 40 ஜிபி. மிச்சம் மொத்தமும் பிசிக்கல் வால்யூம். டேட்டாபேஸுக்கு ஒன்று, லாக்குக்கு ஒன்று, பயனர் கோப்புகளுக்கு ஒன்று என்று வால்யூம்கள், ஒவ்வொன்றும் இன்றைக்குத் தேவையான அளவுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். குரூப்பில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விடுங்க. எல்விஎம் வரைபடத்தின் காப்பி ஒன்றை வாராவாரம் வேறு மெஷினுக்கு அனுப்புங்க, சில கேபி கூட வராது. கிளவுட் என்றால் இன்னும் சுலபம்: ரூட் ஒரு டிஸ்க், டேட்டா தனி டிஸ்க்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அந்த 40 ஜிபி தப்புக் கணக்காகிவிட்டால் மாட்டிக்கொள்வோம். பின்னால் பிசிக்கல் வால்யூம் உட்கார்ந்திருப்பதால் ரூட் நகர முடியாது. கன்டெய்னர் இமேஜ்கள் /வார்/லிப் கீழே குவிவதை மறந்து ஒருதரம் நானே மாட்டினேன். புதிய வால்யூம் ஒன்று போட்டு, அந்த ஃபோல்டரை அங்கே மாற்றி, அரை மணி நேரத்தில் வெளியே வந்தேன். வளர்வது எதுவோ அதை ரூட்டிலிருந்து வெளியேற்றினால் போதும் என்பதை அது எனக்கு மறுபடி உறுதி செய்தது. வளராத ரூட்டுக்கு வளரும் வசதி எதற்கு?

தம்பி இப்போது பெரிய இடத்தில் இருக்கிறான். போன மாதம் அவனுடைய புது ஜூனியருக்காக ஒரு சர்வர் திட்டத்தை எனக்கு அனுப்பியிருந்தான். ரூட் சாதாரணப் பார்ட்டிஷன், டேட்டா எல்விஎம்மில், காலி இடம் 100 ஜிபி. ஓரத்தில் ஒரு வரி: "வால்யூமை அழிக்கும் முன் உள்ளே என்ன இருக்குன்னு பார்."